ஈரச் சாலையும் ஓர் என்ஃபீல்டும்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள். எந்த வண்டி எந்த ஆண்டில் மணிக்கு நூறு மைலைத் தொட்டது என்பதற்குப் பட்டியல்கள் பல உண்டு. அதே வண்டி மழையில் நனைந்த சாலையில் எத்தனை அடிக்குள் நின்றது என்று கேட்டால் எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆனால் மழைக்காலத்தில் வண்டியோட்டுகிறவனுக்கு உயிர்ப்பிரச்சினையாக இருப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

ஈரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழற்சியை நிறுத்திக்கொண்டு சறுக்கத் தொடங்கும். காராக இருந்தால் திசை தப்பும். ஆயினும் நான்கு சக்கரங்களின் மேல் நின்றுகொண்டிருக்கும். இருசக்கர வாகனத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்ட மறுகணமே சமநிலை போய்விடும். முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததன் பின்னே இந்த அச்சம் இருக்கிறது. அச்சம் நியாயமானது, அறிவுரைதான் பிழையானது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்சக்கரத்திடமே இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு முதலில் விடை கண்டவர்கள் விமானப் பொறியாளர்கள். நனைந்த ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் சறுக்காதிருக்க, 1950களின் தொடக்கத்தில் டன்லப் நிறுவனம் மேக்சரெட் என்னும் கருவியை உருவாக்கியது. அதில் மின்னணுவியல் எதுவும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் சிறியதொரு பளுச்சக்கரம் மட்டும் உண்டு. பெரிய சக்கரம் திடீரென வேகம் குறைந்தால் பளுச்சக்கரம் தன் உந்தத்தால் முந்திச் செல்லும். அந்த வேறுபாடே ஒரு வால்வைத் திறந்து பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். சக்கரம் மீண்டும் சுழலத் தொடங்கியதும் அழுத்தம் திரும்பும்.

1958இல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம் இக்கருவியை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. அந்த வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். வழுக்கும் பரப்புகளில் நிறுத்தும் தூரம் நன்றாகவே குறைந்தது. ஆனால் என்ஃபீல்டின் தொழில்நுட்ப இயக்குநர் டோனி வில்சன்-ஜோன்ஸ் இதற்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாகக் கருதவில்லை. கருவி உற்பத்திக்குப் போகவேயில்லை. (விலையும் எடையும் அவரைத் தயங்க வைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.)

அப்போது சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அங்கிருந்து வந்த புல்லட்டுகள் பல பத்தாண்டுகள் டிரம் பிரேக்குகளோடுதான் ஓடின. தேங்கிய நீரைக் கடந்தால் டிரம்முக்குள் நீர் புகும். அடுத்த சில நூறு அடிகளுக்குப் பிரேக் பெயரளவுக்குத்தான் வேலை செய்யும். சுரங்கப்பாதையை விட்டு ஏறியதும் பிரேக்கை மெல்லத் தொட்டபடியே ஓட்டி, உரசும் சூட்டில் கட்டைகளை உலர்த்திக்கொள்ளும் வழக்கம் இதனால் வந்தது. எந்தக் கையேட்டையும் படிக்காதவர்கள்கூட அதை அறிந்திருந்தார்கள்.

டிஸ்க் பிரேக் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1969இல் வெளிவந்த ஹோண்டா சிபி 750 அதைப் பரவலான வாடிக்கையாளர்களிடம் கொண்டுசேர்த்தது. உலர்ந்த சாலையில் அது பெரும் முன்னேற்றம். மழையிலோ கதை வேறு. 1970களின் ஜப்பானிய வண்டிகளில் வட்டுகள் துருப்பிடிக்காத எஃகால் செய்யப்பட்டன. பளபளப்பான அந்தப் பரப்புக்கும் அக்காலத்துப் பேடுகளுக்கும் இடையே நீர் ஒரு படலமாகத் தங்கிவிடும். கைப்பிடியை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றுமே நிகழாது. பதறிப்போய் இன்னும் அழுத்தும் வேளையில் படலம் துடைபட்டு, முழு வலுவும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். ஈரச் சாலையில் ஒருவனைக் கீழே தள்ள இதைவிடத் தேர்ந்த வழி இல்லை.

வார்ப்பிரும்பு வட்டு ஈரத்திலும் ஒழுங்காகப் பிடிக்கும். ஆனால் ஓர் இரவு நனைந்தால் காலையில் துருவேறி நிற்கும். புதுவண்டியில் துருவைப் பார்க்க வாங்குபவர்கள் விரும்பமாட்டார்கள். ஆக, கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டும் என்பதற்காக மழையில் நிற்கும் திறன் விட்டுக்கொடுக்கப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஹோண்டா இந்த முரணைத் தீர்க்க 1981இன் சிபிஎக்ஸ் 400 எஃப் வண்டியில் ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டது: வார்ப்பிரும்பு வட்டையே வைத்து, துரு வெளியே தெரியாதபடி அதை உறைக்குள் மூடிவிட்டது. சிக்கலான அந்த அமைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. வட்டில் துளைகள் இட்டதும், உலோகத் துகள்களைச் சூட்டில் இறுக்கிச் செய்த பேடுகள் வந்ததுமே உண்மையான தீர்வாக அமைந்தன.

சக்கரம் பூட்டிக்கொள்ளும் பழைய சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது. 1978இல் மெர்சிடிஸ் கார் மின்னணு ஏபிஎஸ் பெற்றது. மோட்டார் சைக்கிளுக்கு அது வந்தது 1988இல், பிஎம்டபிள்யூ கே 100 வண்டியில்; சூப்பர் மீட்டியர் சோதனைக்குச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து. அந்த அமைப்பின் எடை ஏறக்குறைய 11 கிலோ. இன்று அதே வேலையைச் செய்யும் கருவிகளில் ஒரு கிலோவுக்கும் குறைவானவை உண்டு. கீழே விழுவதற்கு அதிக வாய்ப்புள்ள வாகனத்துக்கு அது பத்தாண்டுகள் பிந்தி வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் மற்ற அனைத்துக்கும். புல்லட்டுக்கும் அப்போதுதான் கிடைத்தது. முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் போதும் என்றது அந்த விதி. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, ஒரு நெம்புகோலை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு போதுமென்று விடப்பட்டது. நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவ்வமைப்பு வலுவைப் பகிர்ந்தளிக்குமே தவிர, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. மேக்சரெட்டின் பளுச்சக்கரம் செய்த வேலையை அங்கே ஓட்டுகிறவரின் விரல்களே செய்தாக வேண்டும்: வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்கி, இரு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்லக் கூட்டி, சறுக்கல் தெரிந்தால் தளர்த்தி, மீண்டும் பிடித்து.