திரையில் வரலாறு, திறவுகோல் யார் கையில்?

ஓர் இனத்தின் வரலாற்றை உரைக்கும் உரிமை யாருக்கு உண்டு? அமெரிக்கக் கறுப்பின மக்கள் தொலைக்காட்சியை நோக்கி எழுப்பிய வினா இது. திரையில் கறுப்பு முகம் தோன்றினால் மட்டும் போதாது. பணம் தருபவர் யார், இறுதி முடிவு எடுப்பவர் யார் என்பதே தலையாயது என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்தனர்.

1968 சூன் திங்களில் அங்குள்ள பொதுத் தொலைக்காட்சியில் 'பிளாக் ஜர்னல்' என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. கறுப்பினத்தவர் தமக்காகத் தாமே படைப்பது என அது அறிவிக்கப்பெற்றது. ஆயினும் அதன் தலைமைத் தயாரிப்பாளர் வெள்ளையர். ஆகஸ்டில் கறுப்பினப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பயனாக, வில்லியம் கிரீவ்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர் அப்பொறுப்பை ஏற்றார்.

1977 சனவரியில் ஏ.பி.சி. நிறுவனம், அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தழுவிய 'ரூட்ஸ்' தொடரை எட்டு இரவுகள் ஒளிபரப்பியது. அடிமை வாழ்வின் கொடுமையைக் கோடிக்கணக்கானோர் தம் இல்லங்களில் கண்டனர். அத்தொடரின் பெருமையை மறுப்பதற்கில்லை. எனினும், தயாரிப்பாளர் டேவிட் வோல்ப்பர் வெள்ளையர். இயக்குநர் நால்வருள் கறுப்பினத்தவர் ஒருவரே. அடிமைக் கப்பலின் தலைவன், மனச்சான்று உறுத்தும் நல்லவனாகக் காட்டப்பட்டான். வெள்ளையர் மனம் கோணாதிருக்க வேண்டும் என்னும் கவலை கதைக்குள்ளும் புகுந்துவிட்டது.

கறுப்பினத்தவரான ஹென்றி ஹாம்ப்டன் வேறு வழி சென்றார். 1968இல் 'பிளாக்சைட்' என்னும் சொந்த நிறுவனத்தை நிறுவிய அவர், குடியுரிமைப் போராட்டத்தில் பங்கேற்றோரையே பேச வைத்து, 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' என்னும் தொடரை உருவாக்கினார். 1987இல் ஆறு பகுதிகளும் 1990இல் எட்டுப் பகுதிகளும் வெளிவந்தன.

ஆனால், அங்கும் ஒரு பூட்டு இருந்தது. பழைய செய்திப்படங்கள், ஒளிப்படங்கள், பாடல்கள் ஆகியவற்றிற்குப் பெற்ற உரிமங்களுள் பல குறிப்பிட்ட காலத்திற்கே உரியவை. 1990களின் நடுவில் அவை காலாவதியாயின. தொடர் திரையிலிருந்து மறைந்தது. 1998இல் ஹாம்ப்டன் மறைந்தார். அறக்கட்டளைகளின் பொருளுதவியால் உரிமங்கள் புதுப்பிக்கப்பட்ட பின்னரே, 2006இல் அது மீண்டும் ஒளிபரப்பாயிற்று. போராடியவர் ஒருவர், போராட்டத்தின் படத்திற்கு உடையவர் மற்றொருவர்! தம் மக்கள் பட்ட அடியைத் தாமே எடுத்துக்காட்டவும் அவர்கள் விலை கொடுக்க நேர்ந்தது.

ஆசிரியப் பெருமக்களே, வரலாற்றுப் படம் ஒன்றை வகுப்பில் காட்டும்போது, இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலையும் மாணவர்களைப் படிக்கச் செய்யுங்கள். எழுதியவர் யார், இயக்கியவர் யார், உரிமை பெற்றவர் யார் என்று அவர்கள் வினவட்டும். அவ்வினாவும் வரலாற்றுப் பாடமே ஆகும்.