மதகுருக்கள் ஆட்சி என்றால் என்ன? ஈரானில் அதிபருக்கும் மேலே இருப்பது யார்?

ஈரானில் அதிபர் தேர்தல் நடக்கிறது. 290 இடங்கள் கொண்ட நாடாளுமன்றமும் இருக்கிறது. ஆனாலும் அங்கே நடப்பதை மதகுருக்கள் ஆட்சி என்கிறார்கள். ஏன்?

மதகுருக்கள் ஆட்சி என்றால்?

கடவுளின் சட்டமே நாட்டின் சட்டம். அதற்கு விளக்கம் சொல்லும் மதத் தலைவர்களுக்கே கடைசி அதிகாரம். இதுதான் 'தியோகிரசி'. கிரேக்கத்தில் 'தியோஸ்' என்றால் கடவுள், 'கிராட்டோஸ்' என்றால் அதிகாரம்.

ஒரு நாட்டுக்கு அரசு மதம் இருந்தாலே இப்படிச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்து திருச்சபைக்கு மன்னர்தான் தலைவர். ஆனால், சட்டம் போடுவது நாடாளுமன்றம்.

ஈரானில் எப்படி?

1979 புரட்சியில் மன்னராட்சி கவிழ்ந்தது. இஸ்லாமியச் சட்டம் கற்ற மதகுருவே நாட்டை வழிநடத்த வேண்டும் என்ற கொமேனியின் கொள்கை, அரசியல் சாசனத்தில் இடம்பிடித்தது. அதன்படி உச்ச தலைவர்தான் எல்லோருக்கும் மேல். முப்படைகளும் அவர் கட்டுப்பாட்டில். நீதித்துறைத் தலைவரை நியமிப்பதும் அவரே.

அப்போ தேர்தல் எதுக்கு?

இங்குதான் 'கார்டியன் கவுன்சில்' வருகிறது. இதில் 12 பேர். 6 மதகுருக்களை உச்ச தலைவரே நியமிப்பார். மற்ற 6 பேர் சட்ட வல்லுநர்கள். நீதித்துறைத் தலைவர் பரிந்துரைப்பவர்களில் இருந்து நாடாளுமன்றம் தேர்வு செய்யும்.

யார் தேர்தலில் நிற்கலாம் என்று முடிவு செய்வது இந்த கவுன்சில்தான். 2021 அதிபர் தேர்தலுக்கு மனு செய்தவர்கள் 592 பேர். அனுமதி கிடைத்தது வெறும் 7 பேருக்கு. நாடாளுமன்றம் போடும் சட்டத்தையும் இது நிறுத்தி வைக்கலாம்.

உச்ச தலைவரைத் தேர்வு செய்வது 88 மதகுருக்கள் கொண்ட நிபுணர்கள் சபை. அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், அந்த வேட்பாளர்களையும் வடிகட்டுவது அதே கார்டியன் கவுன்சில். இரண்டு முறை அதிபராக இருந்த ஹசன் ரூஹானிக்கே 2024-ல் அனுமதி மறுக்கப்பட்டது!

மக்களுக்கு என்ன பாதிப்பு?

சட்டம் மனிதர் போட்டது என்றால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். கடவுள் போட்டது என்றால், கேள்வி கேட்பதே குற்றமாகிவிடும். ஹிஜாப் விவகாரம் இதற்கு உதாரணம். 2022-ல் ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மாசா அமினி, காவலில் இருந்தபோது உயிரிழந்தார். நாடே கொதித்தது. போராடியவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் சிலர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, 'கடவுளுக்கு எதிராகப் போர் தொடுத்தல்'.