வீரன் யாரிடம் பேசுகிறான்?

நெய்யூரில் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் ஸ்பைடர்மேன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். சண்டை முடிந்து பாத்திரங்கள் பேசத் தொடங்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்திப் பேச்சைத் தாண்டிப் போனான். ஒரே ஓர் இடத்தில் அழுத்தவில்லை. அந்த இடம் பற்றியே இக்குறிப்பு.

இவ்வகை ஆட்டங்களில் பேச்சு பிந்தி வந்த விஷயம். 1979-இல் அட்டாரி வெளியிட்ட சூப்பர்மேனில் வீரன் பறப்பான், தூக்குவான், அவ்வளவே. 2009-இன் ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ பால் டினி எழுதியது. அதில் ஜோக்கர் ஒலிபெருக்கி வழியே ஓயாமல் பேசுகிறான், கூர்மையான பேச்சு. பேட்மேனிடமிருந்து பெரும்பாலும் சுருக்கமான பதில், அல்லது மௌனம். எதிரியிடம் பேசும் வீரன் உறுதியைக் காட்டினால் போதும், தன்னைக் காட்ட வேண்டியதில்லை.

2018-இன் ஸ்பைடர்மேனில், நகரைக் கொள்ளைநோய் பிடித்திருக்கிறது. கையிலுள்ள சிறிது மருந்தால் தன்னை வளர்த்த மேயைப் பிழைக்க வைக்கலாம். அல்லது அதைக்கொண்டு ஊருக்கே மருந்து செய்யலாம். சாகக் கிடக்கும் அவள் முகமூடியைக் கழற்றச் சொல்கிறாள். அவன் யாரென்று அவளுக்கு முன்பே தெரியும். சுவரேறும் பலத்தால் அங்கே பயனில்லை. எதைத் தேர்வதென்பதையும் ஆடுபவன் கையில் விடவில்லை. பையன் பொத்தானை அழுத்தாதது இங்கேதான்.

இந்தக் காட்சி நம் பக்கத்திற்குப் பழையது. தக்கலையருகே கேரளபுரத்தைச் சேர்ந்த இரவிக்குட்டிப் பிள்ளை, வேணாட்டு மந்திரி, 1630-களின் நடுவில் நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்டார். அவரது கதைப்பாடலில் மனத்தில் தங்குவது போருக்கு முந்திய காட்சி. தாயும் மனைவியும் தீக்கனாக் கண்டு, போகாதே என்று மன்றாடுகிறார்கள். எங்கே ஒளிந்தாலும் சாவு தேடி வருமென்று அவர் சொல்கிறார். அவர்களைத் தேற்றவா, தன்னையே தேற்றிக்கொள்ளவா? பாடல் சொல்வதில்லை. பாத்திரம் பிறப்பது அந்த இடைவெளியில்.

எதிர்ப்படைத் தளபதி இராமப்பய்யனுக்கும் தனி அம்மானை உண்டு. அங்கே அவன் வீரன்.

ஒரு வித்தியாசம்: ஆட்டத்தில் மே செத்தாலும் ஊர் பிழைத்துக்கொள்கிறது, இழப்புக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. கணியாகுளத்திலிருந்து பிள்ளை திரும்பவில்லை. தாயின் கனா பலித்தது. அந்தத் துணிச்சல் ஆட்டங்களுக்கு இன்னும் கூடவில்லை.

கதைப்பாடலைப் பாமரரின் சரக்கென்று ஒதுக்கியவர்கள் உண்டு. வீடியோ கேமைக் குழந்தை விளையாட்டென்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீரனுக்கு எதிரே நிற்பது யார்? எதிரி மட்டுமென்றால் வசனம் வரும். போகாதே என்று சொல்ல ஒருத்தி இருந்தால் பேச்சு வரும்.