முதலில் எழுந்த கன்று: மனுநீதிச் சோழன் கதையில் நீதியின் வரிசை

மனுநீதிச் சோழன் கதையையும் கிரேக்கரின் இஃபிகேனியா கதையையும் ஒப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: இரண்டிலும் அரசன் தன் பிள்ளையைக் கொல்கிறான், அந்தக் கொடுமையைப் பொறுக்கமாட்டாத பிற்காலத்தார் தெய்வத்தை வரவழைத்து உயிரை மீட்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்லும் கதையில் யாரும் உயிர்த்தெழுவதில்லை. எல்லாளன்மேல் ஏற்றி மகாவம்சம் சொல்லும் வடிவிலும் அப்படித்தான். ஆகவே 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய உயிர்த்தெழல் வெறும் பக்தி ஒட்டு என்கிறார்கள். அது பிந்தியது என்பதை மறுக்கச் சான்றில்லை. பொருளற்றது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

சோஃபோக்ளிஸின் எலெக்த்ரா நாடகத்தில், ஆர்ட்டெமிஸ் தேவியின் சோலையில் மானைக் கொன்று பெருமை பேசியவன் அகமெம்னோன். அதற்கு ஈடாக உயிர் கொடுப்பவள் அவன் மகள் இஃபிகேனியா. யூரிப்பிடிஸ் பெயரில் வழங்கும் ஒரு முடிவில் (அது அவர் எழுதியதுதானா என்ற ஐயம் பழையது) மகள் மறைந்து, பலிபீடத்தில் வேறொரு மான் கிடக்கிறது. முதல் மான் எழவில்லை. அதன் கணக்கை நேர்செய்ய இன்னொரு மானும் மடிகிறது. வழக்கு தேவியுடையது, மானுடையது அன்று.

சேக்கிழாரின் திருவாரூரிலோ, இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசுவே வந்து அரண்மனை வாயிலில் தொங்கும் முறையீட்டு மணியைக் கொம்பால் அசைக்கிறது. பசுக்கொலைக்கு மறையோர் விதித்த கழுவாய் போதும் என்று அமைச்சர்கள் சொல்ல, அரசன் மறுக்கிறான். அந்தக் கழுவாய் பசுவின் துயருக்கு மருந்தாகுமா? பிறர் கொன்றால் உயிரை வாங்கிவிட்டு, தன் மகனுக்கு மட்டும் விலக்கா? இதே மறுமொழியில்தான் குடிகளை அரசன் காக்கவேண்டிய ஐந்து அச்சங்கள் அடுக்கப்படுகின்றன: தன்னால், தன் பரிவாரத்தால், பகைவரால், கள்வரால், பிற உயிர்களால் வருபவை. பகைவனும் கள்வனும் பின்னால் நிற்க, அரசனே முதலில் நிற்கிறான். தேரோட்டிய மகன் இரண்டாவதில் அடங்குவான்.

உயிர்த்தெழலிலும் ஒரு வரிசை உண்டு. சேக்கிழார் முதலில் கன்றைச் சொல்கிறார், பிறகு இளவரசன், கடைசியில், அரசன் ஆணையிட்டும் இளவரசனைக் கொல்ல மனமின்றித் தன்னுயிரை விட்ட அமைச்சன். தீங்கு செய்யக்கூடியவர் பட்டியலில் அரசன் முதல், மீட்கப்படுவோர் பட்டியலில் கன்று முதல். இரண்டையும் சேர்த்துப் படித்தால், மணி குறிப்பது தண்டனையின் கடுமையை அன்று, ஆள்பவனைக் குற்றவாளியாக்க வல்ல முறையீட்டையே என்று துணியலாம். எதுகைக்காக அமைந்த வரிசை என்பார் உண்டு. ஒரே நிகழ்ச்சியில் இருமுறை எதுகைக்குக் கட்டுப்பட்டுப் பொருளை விட்டுக்கொடுக்கும் புலவர் அல்லர் சேக்கிழார்.

1854இல் வெளிவந்த, இதே கதையைச் சொல்லும் இராமலிங்க அடிகளின் மனுமுறை கண்ட வாசகமும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது. அங்கே அரசன் தன்னையே கேட்டுக்கொள்ளும் குற்றங்களின் நீண்ட அடுக்கில், குடிகளின் வரியை உயர்த்திக் கொள்ளையிட்டதும் ஒன்று.

அடிகள் பின்னாளில் சபை கண்ட வடலூருக்கு அண்டையில், நெய்வேலி நகரியத்து நடராஜர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி ஒன்று உண்டு. குறையை எழுதிப் போட்டு மணியடிப்பது வழக்கம். அலுவலகங்களில் நம்பிக்கை இழந்தோர் தெய்வத்திடம் ஒதுங்கியதன் அடையாளமாக மட்டும் இதைக் காண்பது போதாது. சேக்கிழாரிடம் இறைவன் தோன்றுவது அரசன் தன் கடமையை முடித்த பிறகே. அவனுக்குப் பதிலாக அன்று. 2023 ஜூலையில் அதே நெய்வேலியின் அரசு நிலக்கரிச் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர்மேல் எந்திரங்கள் இறங்கின. அது ஐந்தில் எந்த அச்சம் என்றால், முதலிரண்டில்தான் தேடவேண்டும்.