மை போட்டுப் பார்த்த காலம்

கடைப்பெட்டியில் பணம் குறைந்தால் இன்று கேமராவைப் பார்க்கிறோம். நம் நன்னாமார் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சிலர் மை பார்க்கப் போனார்கள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வெற்றிலையிலோ உள்ளங்கையிலோ தடவுவார்கள். அதை உற்றுப் பார்ப்பவர் மைக்காரர் அல்ல, ஒரு சிறுவன். பாவமறியாத கண்ணுக்குத்தான் ஜின் தெரியும் என்று நம்பினார்கள்.

வழக்கம் மலாயாவில் பிறந்ததல்ல. எலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப், தென்னிந்திய முஸ்லிம்களின் பழக்கவழக்கங்களைத் தொகுத்த ‘கானூனே இஸ்லாம்’ 1832இல் லண்டனில் வெளிவந்தது. சென்னை மாகாண மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் அதை ஆங்கிலமாக்கினார். அதில் மையைப் பார்க்கும் பையன் சொல்வது இது: ஒருவன் வந்து தரையைக் கூட்டுகிறான், தண்ணீர் தெளிக்கிறார்கள், கம்பளம் விரிக்கிறார்கள், ஜின்களின் படை வருகிறது, தலைவர் சிம்மாசனத்தில் அமர்கிறார். 1836இல் எட்வர்ட் லேன் எகிப்தைப் பற்றி வெளியிட்ட நூலிலும், கெய்ரோச் சிறுவன் மையில் முதலில் காண்பது தரை கூட்டுபவனைத்தான்! தமிழ்நாட்டு இந்துக்களிடமும் இதே காட்சி உண்டு; சிம்மாசனத்தில் ஆஞ்சநேயர் வருவார்.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றையே கண்டது எப்படி? பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பார்கள். மீதியை மைக்காரரின் கேள்வியே சொல்லிக்கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

மார்க்கம் இதில் தெளிவாகவே இருந்தது. குறிகாரனிடம் போய்க் கேட்டவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்தபடி வஃபாத்தானதை, புழு அந்தத் தடியை அரிக்கும்வரை ஜின்கள் அறியவில்லை என்கிறது ஸபா அத்தியாயம். எதிரே நின்றவர் வஃபாத்தானதையே அறியாத ஜின்னிடமா கடைப்பெட்டிக் கணக்கைக் கேட்பது!

ஆனாலும் போனார்கள். என் பெரியத்தா ஏழு வயதில் மை பார்க்க உட்கார்த்தப்பட்டவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக்கடையில் நூறு வெள்ளி காணாமல் போயிருந்தது. “மையில என் கண்ணுதான் தெரிஞ்சிச்சு” என்று வயதான காலத்தில் எங்களிடம் சொன்னார். “கூட்டுறவன் வந்துட்டானா?” என்று கேட்டார்களாம். வந்துட்டான் என்றார். “எடுத்தவன் குட்டையா, நெட்டையா?” கால் மரத்துப்போயிருந்தது, வீட்டுக்குப் போகவேண்டும். நெட்டை என்றார்.

கடையில் நெட்டையாக ஒருவர்தான் வேலை பார்த்தார். பெரியத்தாவுக்கு அவ்வப்போது பேரீச்சம்பழம் கொடுப்பவர். அடுத்த ரஜூலா கப்பலில் அவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் சில மாதம் கழித்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடைத்தது. அவருக்குக் கடிதம் போட, கடையில் யாரிடமும் அவர் ஊர் விலாசம் இல்லை.