கூலி: ஒரு சொல்லின் வரலாறு

மக்கள் கடல் கடந்து செல்லும்போது அவர்தம் சொற்களும் உடன் செல்கின்றன. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் அவ்வாறு ஆங்கிலம் புகுந்த தமிழ்ச் சொற்களாம். அவை சென்ற இடத்தில் இன்றும் வாழ்கின்றன. ஆனால், 'கூலி' என்னும் சொல் ஆங்கிலத்தில் அடைந்த நிலை வேறு. காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் இன்றும் நாள்தோறும் ஒலிக்கும் அச்சொல், உலகின் பல நாடுகளில் ஓர் இழிசொல்லாயிற்று. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் கூலி

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இச்சொல்லை ஆள்கின்றார். ஊழ் கைகொடாதபோதும் உடல் வருந்திய உழைப்பு தன் அளவுக்கு உரிய பயனைத் தரும் என்பது அக்குறளின் கருத்து. ஆண்டுக் கூலி என்பது உழைப்பின் பயன். தெய்வமும் தடுக்க இயலாத உரிமை. வந்திக்காக மண் சுமந்த சிவபெருமான் பிட்டினைக் கூலியாகப் பெற்றார் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். இறைவனே கூலியாளாக வந்ததாகச் சொல்லத் தமிழ் மரபு கூசவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. கூலம் என்னும் தானியப் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது என்பாரும் உளர். உழைப்புக்கு நெல்லை அளந்து கொடுத்த வழக்கத்தோடு இவ்விளக்கம் பொருந்துகின்றது.

தமிழிலும் இச்சொல்லுக்குத் தாழ்வு நேராமல் இல்லை. 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் வழக்கும் 'கூலிப்படை' என்னும் சொல்லும் அதற்குச் சான்று. அலுவலகத்தில் எழுதுவோர் பெறுவது சம்பளம் எனவும், தறியில் நெய்வோர் பெறுவது கூலி எனவும் நாம் பிரித்து வழங்குவதிலும் அத்தாழ்வின் சாயல் உண்டு. எனினும் தமிழில் கூலி என்பது பெரும்பாலும் பொருளையே குறித்தது. ஆளைக் குறிக்க வேண்டின் 'கூலியாள்' என்றே சொல்லப்பட்டது.

ஆங்கிலத்தில் கூலி

இச்சொல்லின் ஆங்கில மூலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 1886இல் யூல், பர்னல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, குசராத்தின் 'கோலி' இனப்பெயரை முதன்மையாகக் கூறித் தமிழ்க் 'கூலி'யையும் உடன் காட்டுகின்றது. மூலம் எதுவாயினும், சென்னைக் கடற்கரையில் இறங்கிய வணிகர் செவியில் இரண்டும் ஒன்றாகவே கலந்தன எனலாம். சீன மொழியில் இச்சொல்லை எழுதப் பயன்பட்ட எழுத்துகள் 'கசப்பான வலிமை' என்று பொருள்படுகின்றன. கேட்ட ஒலிக்கு அவர்கள் அமைத்துக்கொண்ட பொருள், அத்தொழிலாளர் பட்ட துன்பத்தையே உரைக்கின்றது.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, ஒப்பந்தக் கூலி முறை வலுப்பெற்றது. மொரீசியசு, கயானா, நேட்டால், பிசி எனக் கப்பல்கள் சென்றன. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டால் சென்றனர். அவருள் வடஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டத்தாரும் பலர். காஞ்சிபுரம் அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதும் நினைக்கத்தக்கது. ஐந்தாண்டு ஒப்பந்தம்; முதலாண்டில் மாதம் பத்து சில்லிங். கூலிக்காகச் சென்றவர் அங்கே 'கூலி' ஆயினர். 'கூலியாள்' என்னும் தமிழ்த் தொடரில் உள்ள 'ஆள்' அங்கே மறைந்துபோயிற்று. விலை மட்டுமே எஞ்சியது.

1893இல் டர்பன் சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். இந்திய வணிகரும் 'கூலி வணிகர்' எனப்பட்டதையும், தமிழ்ப் பெயர்களின் ஈறாகிய 'சாமி' என்பதே ஏளனச் சொல்லானதையும் அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். முதலாளியால் அடிபட்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவர் முன் வந்து நின்ற பாலசுந்தரம் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, தமிழர். தலைப்பாகையை மீண்டும் அணிந்துகொள்ளுமாறு காந்தியடிகள் அவரிடம் கூறினார். சொல் பறித்த மதிப்பைத் திருப்பித் தந்த செயல் அது.

காஞ்சியில் கூலி

காஞ்சி நெசவாளர் தொடக்கத்திலேயே தாழ்ந்து நின்றவரல்லர். பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த உரிமையைப் பிற ஊர்க் கைக்கோளரும் வேண்டிப் பெற்றமை விசயநகரக் காலக் கல்வெட்டால் அறியப்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னக நெசவாளர், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உடையவராயிருந்தனர் என்றும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி அவ்வுரிமையைப் பறித்தது என்றும் வரலாற்றாய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி நிறுவுகின்றார். வணிகனிடம் பேரம் பேசியவன், ஆட்சியாளனிடம் கூலி பெறுபவனாக மாறினான்.

இன்று காஞ்சியில் சொந்தமாகப் பட்டும் சரிகையும் வாங்கி நெய்வோர் சிலரே. கூட்டுறவுச் சங்கமோ தனி முதலாளியோ பாவும் ஊடையும் சரிகையும் தர, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று நெய்வோரே பலர். அக்கூலி ஒருவர் பெயரில் எழுதப்படுகின்றது. உழைப்போ குடும்பம் முழுவதற்கும் உரியது. தார் சுற்றும் மனைவியும், பாவு பிணைக்க உதவும் முதியோரும் அக்கணக்கில் தனியே இடம் பெறுவதில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலைக்கு நாடா கோக்க மற்றொருவர் துணை வேண்டும். அவருக்குரிய பங்கும் நெய்பவர் கூலியிலிருந்தே பிரியும். 2005இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. சேலையின் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. அதனை நெய்த கையின் கூலி அதனால் காக்கப்படவில்லை.

முடிவுரை

மொரீசியசுத் தலைநகர் போர்ட் லூயிசில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய துறை ஒருகாலத்தில் 'கூலி காட்' எனப்பட்டது. பின்னர் அது 'ஆப்பிரவாசி காட்' எனப் பெயர் மாறி, 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே அச்சொல்லை நீக்கியது நேரிய செயலே. ஆயினும் காஞ்சியில் அதனை நீக்க வேண்டியதில்லை. அதன் பழம்பொருளை மீட்பதே வேண்டும். நெசவாளர் 'கூலி உயர்வு' எனக் குரல் எழுப்பும்போது அச்சொல் இழிவை உணர்த்தவில்லை, உரிமையையே உணர்த்துகின்றது. மெய் வருந்திய அளவுக்குப் பயன் கிட்ட வேண்டும் என்ற வள்ளுவர் அளவுகோலை அது மீண்டும் கையில் எடுக்கின்றது. ஆங்கிலம் ஆளை மறந்து கூலியை மட்டும் கண்டது. பட்டின் பளபளப்பில் ஆளையும் கூலியையும் ஒருங்கே மறவாதிருப்பது நம் கடன்.