டீசல் எஞ்சின் வந்த கதை



நம்ம நாஞ்சில் நாட்டு வயலுக்கெல்லாம் பாயுற தண்ணி பேச்சிப்பாறைத் தண்ணி. அந்த அணையைக் கட்டத் தொடங்கினது 1897-ல். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற எஞ்சினீயர் முன்னின்று கட்டி, 1906-ல் வேலை முடிந்தது. அதே 1897-ல்தான் ஜெர்மனி தேசத்து ஆக்ஸ்பர்க் நகரில், ருடால்ஃப் டீசல் என்பவர் தாம் கண்டுபிடித்த எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். சானல் தண்ணி எட்டாத கடைவரம்பு வயலுக்குப் பின்னாளில் அந்த எஞ்சின்தான் கைகொடுத்தது.

அதிலே என்ன புதுமை? பெட்ரோல் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி தர பிளக் வேணும். இதுக்கு அது வேண்டாம். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பு சுடுவதைப் பார்த்திருப்பீங்க. காற்றை இறுக்கினால் சூடேறும். பிஸ்டன் காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு இறுக்கும்; அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். 1900-ல் பாரீஸ் பொருட்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள்! நம்ம நாட்டில் 1946-ல் பூனாவில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் கம்பெனி தொடங்கியது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற நேரம் எஞ்சின் நின்னுபோனால், மெக்கானிக் வரும்வரை பயிர் தாங்காது. அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சால், ஏன் நின்னதுன்னும் தெரியும். அதுக்கு வேண்டியது மூணு: நல்ல டீசல், சுத்தமான காற்று, சரியான இறுக்கம்.

முதலில் டீசல். டேங்க் வற்றி நின்ற பிறகு டீசல் ஊற்றியும் ஓடவில்லையா? குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலே உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கிவிடுங்கள். அடுத்தது காற்று. கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரில் அழுக்கு அடைத்திருக்கலாம். பாரம் கூடியிருந்தாலும் அப்படி வரும். கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். கடைசியில் இறுக்கம். ஹாண்டில் தடையே இல்லாமல் லேசாகச் சுற்றினால், அல்லது நீலப் புகை வந்தால், வால்வு, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மேலேயிருக்கிற பம்பு இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே உள்ள தண்ணியை இழுக்கத் திணறும். அதுக்காக எஞ்சினைக் கிணத்துக்குள்ளே இறக்கி ஓட்டாதீங்க. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத விஷம். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கினவரும் விழுந்துவிடுவார்.

ஒரு பூ போனால் அடுத்த பூவில் எடுத்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.